கடலையின் காறலும் குடுவையின் காறலும்

ஒரு கைப்பிடி வறுத்த கடலையை வாயில் போட்டு மெல்லும்போது, அதில் ஒன்றே ஒன்று காறலாக இருந்தாலும் போதும். நாக்கின் ஓரத்தில் கசப்பு ஏறும், தொண்டை கமறும், பழைய எண்ணெய்ச் சட்டியின் வாடை மூக்கில் நிற்கும். தண்ணீர் குடித்தாலும் சட்டென்று போகாது. 'சிக்கு வாடை அடிக்குது' என்போம், 'காறிப்போச்சு' என்போம். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் கருவி வேண்டியதில்லை. ஆனால் பண்ருட்டியிலிருந்து முந்திரி அனுப்புகிறவருக்கும், கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பருப்பு வாங்குகிறவருக்கும் 'காறல்' என்ற சொல் மட்டும் போதாது. எவ்வளவு காறல் என்று ஓர் எண் வேண்டும். விலையும், சரக்கு திரும்பி வருவதும் அந்த எண்ணைப் பொறுத்தே இருக்கின்றன. அதற்காகத்தான் பருப்பு ஆய்வகத்துக்குப் போகிறது.

ஆய்வகத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. காறலை அளக்கும் பழகிய சோதனைகள் எல்லாம் எண்ணெய்க்காக உருவானவை. பருப்பை அப்படியே குடுவையில் போட்டு அளக்க முடியாது. முதலில் அதிலிருந்து எண்ணெயை வெளியே கொண்டுவர வேண்டும். அரைக்கிறோம், அழுத்துகிறோம், கரைப்பானில் ஊறவைக்கிறோம், சூடாக்குகிறோம். எண்ணெயைக் கெடுப்பவை எவை என்று கேட்டால் காற்று, சூடு, வெளிச்சம், இரும்பு, ஈரம் என்று சொல்வோம். எண்ணெயை எடுக்கும் ஒவ்வொரு வழியிலும் இவற்றில் ஒன்றிரண்டாவது உண்டு. எனவே அறிக்கையில் வரும் எண்ணில் ஒரு பங்கு கடலையுடையது. இன்னொரு பங்கு, எண்ணெயை எடுத்த விதத்துடையது. இரண்டாவது பங்கைப் பற்றி அறிக்கைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதே என் எண்ணம்.

காறல் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ஈரத்தால் வருவது. சரியாகக் காயாத கடலையில் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்து, கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்துவிடும். இதை 'தனித்த கொழுப்பு அமிலம்' என்று அளக்கிறார்கள். எண்ணெய் வியாபாரத்தில் எஃப்.எஃப்.ஏ. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். மற்றொன்று காற்றால் வருவது. ஆக்சிஜன் கொழுப்பு அமிலச் சங்கிலியில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரோபெராக்சைடு உண்டாகிறது. இதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. பிறகு அது உடைந்து ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகளாக மாறும்போதுதான் நம் மூக்கு விழித்துக்கொள்கிறது. ஆய்வகம் அதிகம் அளப்பது அந்த மணமற்ற இடைநிலையை: பெராக்சைடு மதிப்பு.

வால்நட் எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலமும், கூடவே லினோலெனிக் அமிலமும் இருப்பதால் அது சீக்கிரம் காறும். பாதாமிலும் முந்திரியிலும் ஓலெயிக் அமிலம் மிகுதி. அவை கொஞ்சம் தாங்கும். நம் நிலக்கடலை இரண்டுக்கும் நடுவே. தாவரவியல்படி அது அவரைக் குடும்பத்துப் பயறுதான் என்றாலும், எண்ணெய் விஷயத்தில் அதைக் கொட்டைகளோடு வைத்துப் பேசுவதே பொருத்தம்.

பத்துச் சொட்டில் ஒரு தீர்ப்பு

பெராக்சைடு மதிப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கிட்டே நின்று பார்த்தால், எண்ணெய் எடுக்கும் முறைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது புரியும். கூம்புக் குடுவையில் 5 கிராம் எண்ணெய். அதில் அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் மூன்றுக்கு இரண்டு என்று கலந்த கரைசல் 30 மி.லி. தெவிட்டிய பொட்டாசியம் அயோடைடு கரைசல் அரை மி.லி. சேர்த்து ஒரு நிமிடம் ஆட்டுகிறார்கள். எண்ணெயில் பெராக்சைடு இருந்தால் அது அயோடைடை அயோடினாக மாற்றும். குடுவை வெளிர் மஞ்சளாகும். தண்ணீர் விட்டு, ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக விழ, அந்த நீலம் மறையும் கணத்தில் குழாயை மூடிவிட வேண்டும்.

கணக்கு எளிது. தயோசல்பேட் 0.01 நார்மல் செறிவு, எண்ணெய் 5 கிராம் என்றால், 1 மி.லி. செலவானால் பெராக்சைடு மதிப்பு 2. அதாவது ஒரு கிலோ எண்ணெயில் 2 மில்லி சமான ஆக்சிஜன். பியூரெட்டின் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. ஆக, ஒரு சொட்டின் விலை 0.1.

நல்ல புதுப் பருப்பில் இந்த மதிப்பு 1-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அதாவது முழுத் தீர்ப்புமே சுமார் பத்துச் சொட்டு. எண்ணெயை எடுக்கும்போது நான்கு சொட்டு அளவுக்குப் பெராக்சைடு புதிதாக உண்டானால், சரக்கு இருப்பதைவிட 40 சதவீதம் கெட்டதாகத் தெரியும். எண்ணெய் வியாபாரத்தில் இந்த நான்கு சொட்டை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி சுத்திகரித்த எண்ணெய்க்குப் பெராக்சைடு மதிப்பு 10 வரையும், செக்கில் ஆட்டியது போன்ற குளிர்முறை எண்ணெய்களுக்கு 15 வரையும் இடம் உண்டு. கொட்டை வியாபாரத்தில் கோடு கீழே இருக்கிறது. பாதாம் வாங்குகிறவர்கள் 5-க்குள் கேட்பது வழக்கம். எண்ணெய்க்கான வரம்பை எடுத்துப் பருப்புக்குப் பூட்டி, '10-க்குள்தானே இருக்கிறது' என்று ஆறுதல் சொல்வது தவறு. 9 காட்டும் பருப்பை வாயில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

மிச்ச எண்ணெய் என்னும் சபலம்

ஆய்வகங்களில் எண்ணெய் எடுக்க எல்லோருக்கும் தெரிந்த கருவி சாக்ஸ்லெட். 1879-இல் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மன் வேளாண் வேதியியலர் பாலில் உள்ள கொழுப்பை அளப்பதற்காக இதை உருவாக்கினார். கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கும். ஆவி பக்கக் குழாய் வழியாக மேலே ஏறி, குளிர்ந்து, தடித்த தாள் உறைக்குள் இருக்கும் பருப்புத் தூள்மேல் சொட்டும். அறை நிறைந்ததும் வளைகுழாய் வழியாகக் களகளவென்று மொத்தமும் கீழே இறங்கிவிடும். மறுபடி நிறையும், மறுபடி இறங்கும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று இது நடக்கும். கடைசியில் பருப்பில் எண்ணெய் ஒட்டாமல் வந்துவிடும். 'இந்தக் கடலையில் எத்தனை சதவீதம் எண்ணெய்?' என்ற கேள்விக்கு இதைவிட நம்பகமான எளிய வழி குறைவு.

ஆனால் எண்ணெய் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பருப்பிலிருந்து இறங்கிய எண்ணெய் கொதிக்கும் குடுவையிலேயே கிடக்கிறது. முதல் அரைமணியில் வந்த எண்ணெய், கடைசி மணி வரை அங்கேயே வெந்துகொண்டிருக்கும். வழக்கமான கரைப்பானான ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் ஏற்கெனவே இருந்த பெராக்சைடில் ஒரு பகுதி உடையலாம். காற்று உள்ளே இருந்தால் புதியதும் உண்டாகலாம். எது மிஞ்சும் என்பது எண்ணெயைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்தது, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இரும்பு, செம்புத் துகள்களைப் பொறுத்தது. இதுதான் என்னை அதிகம் உறுத்தும் இடம். ஒரு முறை எப்போதும் 0.3 கூட்டிக் காட்டும் என்றால் கழித்துக்கொள்ளலாம். சில எண்ணெயில் கூட்டி, சில எண்ணெயில் குறைத்துக் காட்டும் முறையை என்ன செய்வது?

இன்னும் ஒரு படி இருக்கிறது. கொழுப்பின் எடையைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்பதால், கரைப்பானை ஓட்டிய பிறகு குடுவையை 100 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் வைத்து, எடை மாறாத வரை உலர்த்துவது வழக்கம். பல இடங்களில் பருப்புத் தூளையும் முன்கூட்டியே அதே சூட்டில் உலர்த்திவிடுவார்கள். கொழுப்புச் சதவீதம் பார்த்து முடித்த குடுவையில் பொன்னிறமாகக் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். 'இருக்கிற எண்ணெயை ஏன் வீணாக்க வேண்டும், இதிலேயே பெராக்சைடையும் பார்த்துவிடலாமே' என்று தோன்றும். வேலை மிகுந்த ஆய்வகத்தில் அது இயல்பான ஆசைதான். ஆனால் அந்த எண்ணெய் இனி கடலையைப் பற்றிப் பேசாது. அடுப்பில் பட்ட சூட்டைப் பற்றித்தான் பேசும்.

தனித்த கொழுப்பு அமிலத்துக்கு இந்தச் சூடு அவ்வளவு கெடுதல் செய்யாது. உலர்ந்த தூளில் நொதிக்கு வேலை இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரே குடுவை எண்ணெயில் ஒரு சோதனை ஏறக்குறைய சரியாகவும், இன்னொன்று முழுக்கத் தவறாகவும் வர முடியும்.

பிழிந்தால் சரியா?

அப்படியானால் கரைப்பானே வேண்டாம், பிழிந்துவிடலாம் என்று தோன்றும். சிறிய நீரியல் அழுத்தியில், சூடாக்காமல், பருப்பை வைத்து அழுத்தி எடுக்கும் எண்ணெய் பெராக்சைடு சோதனைக்கு உண்மையிலேயே நல்லது. கொதிக்க வைப்பதில்லை, ஆவியாக்க வேண்டியதும் இல்லை. எண்ணெயில் இயற்கையாக உள்ள டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) கூடவே வந்து அதைக் காக்கவும் செய்யும். பாஸ்போலிப்பிடு போன்ற பிசுபிசுப்பான பொருட்கள் பெரும்பாலும் புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

குறை என்னவென்றால், எல்லா எண்ணெயும் வராது. கடலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் முதலில் வெளியேறுவது உடைந்த செல்களின் எண்ணெய். காறல் முதலில் தொடங்குவதும் அங்கேதான்: உடைந்த ஓரம், தோல் உரிந்த மேற்பரப்பு, பூச்சி துளைத்த இடம். முழுப் பருப்பின் நடுவில் உள்ள எண்ணெய் பல மாதம் பாதுகாப்பாக இருக்கும். ஆகவே குறைவாகப் பிழிந்த எண்ணெய், மொத்தப் பருப்பின் நிலையைவிடச் சற்று மோசமான படத்தைத் தர வாய்ப்பு உண்டு. உண்பவரின் நாக்கைத் தொடுவதும் அந்த மேற்பரப்புதான் என்பதால், இதைக் குறை என்று மட்டும் தள்ளிவிடவும் முடியாது. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

திருகு எக்ஸ்பெல்லர் வேறு கதை. உள்ளே உராய்வில் சூடு ஏறும். எண்ணெய் கையில் பிடிக்க முடியாத சூட்டில் வரும். இரும்பு, காற்று, சூடு மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. நம் ஊர் மரச்செக்கில் சூடு குறைவு. ஆனால் செக்கு எண்ணெயைத் தட்டில் ஊற்றி வெயிலில் தெளிய வைக்கிற பழக்கம் உண்டு. சமையலுக்கு அந்த எண்ணெய் நன்றாகவே இருக்கலாம். அதை எடுத்துப் பெராக்சைடு பார்த்து, 'பருப்பு பழசு' என்று விவசாயியைக் குறை சொன்னால் அது அநியாயம். வெளிச்சமும் காற்றும் பட்டு, தட்டில் பரவிக் கிடந்த எண்ணெயில் பெராக்சைடு ஏறத்தான் செய்யும். பருப்பின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், செக்கிலிருந்து இறங்கிய உடனே, கலங்கலாக இருக்கும்போதே ஒரு பழுப்புக் குப்பியில் பிடித்து, குளிரில் வைத்து, மையவிலக்கியில் சுற்றித் தெளியவைக்க வேண்டும்.

இன்று ஆய்வு நோக்கில் கவனமாக வேலை செய்கிறவர்கள் பலரும் கைக்கொள்வது குளிர்க் கரைப்பான் முறை. அரைத்த பருப்பை அறைச் சூட்டில் ஹெக்சேன் அல்லது பெட்ரோலியம் ஈதரில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, வெற்றிடத்தில் 40 டிகிரிக்குள் கரைப்பானை ஓட்டிவிடுவார்கள். கடைசி மிச்சத்தை நைட்ரஜன் ஊதி விரட்டுவார்கள். எண்ணெய் முழுவதும் வராவிட்டாலும் பெரும்பங்கு வந்துவிடும், கொதிக்கவும் இல்லை. இதில் பிழை வருவது அவசரத்தால். கரைப்பான் முழுதாகப் போகாமல் எண்ணெயில் 5 சதவீதம் தங்கிவிட்டால், நாம் 5 கிராம் என்று நிறுத்ததில் எண்ணெய் 4.75 கிராம்தான். மதிப்பு அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். முழுதாகப் போகட்டும் என்று சூட்டைக் கூட்டினால் மறுபடி பழைய கதை.

எந்தக் கரைப்பான் என்பதும் அறிக்கையில் வரும் எண்ணை மாற்றும். டைஎத்தில் ஈதர் நீண்ட நாள் குப்பியில் இருந்தால் காற்றோடு சேர்ந்து அதிலேயே பெராக்சைடு உண்டாகும். அது அயோடைடோடு வினைபுரியும். நாம் அதைக் கடலையின் கணக்கில் எழுதிவிடுவோம். குளோரோஃபார்ம், மெத்தனால் கலவை இன்னொரு வகை. 1957-இல் ஃபோல்ச் குழுவினரும், 1959-இல் கனடாவில் மீன் திசுக்களை ஆராய்ந்த பிளை, டயர் இருவரும் தந்த முறைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவை செல்சவ்வில் ஒட்டியிருக்கும் பாஸ்போலிப்பிடு வரை எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். கொழுப்பின் முழு வகைப்பாட்டையும் அறிய அது அருமை. ஆனால் தனித்த கொழுப்பு அமிலத்தைக் காரம் விட்டுப் பார்க்கும்போது, சில பாஸ்போலிப்பிடுகளும் அமிலமாகவே கணக்கில் ஏறும். ஒரே கடலை, ஹெக்சேனில் ஒரு எண், குளோரோஃபார்ம் கலவையில் அதைவிடக் கூடிய எண். இரண்டு ஆய்வகங்களும் நேர்மையாகத்தான் வேலை செய்திருக்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் மட்டும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அரைக்கும் நிமிடம்

கரைப்பான், அழுத்தி என்று பேசும்போது மிக்ஸியை மறந்துவிடுகிறோம். பச்சைக் கடலையை அரைத்ததும் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறையில் இருந்த லைபேஸும், கொழுப்பில் ஆக்சிஜனைச் சேர்க்கும் லிப்பாக்ஸிஜினேஸ் நொதியும் எண்ணெயோடு கலக்கின்றன. காற்றும் உள்ளே புகுகிறது. கத்தியின் சூடும் சேர்கிறது. காலையில் அரைத்துவிட்டு மதியம் எண்ணெய் எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் தூள் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருந்திருக்கும். வறுத்த கடலையில் நொதிகள் பெருமளவு செத்துவிடுவதால் அந்தப் பயம் குறைவு. காற்றின் பயம் அப்படியே இருக்கும். பருப்பை திரவ நைட்ரஜனிலோ உலர்பனியிலோ உறையவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, உடனே கரைப்பானில் போடுவது நல்ல வழக்கம். அந்த வசதி இல்லையென்றால், ஃப்ரீசரில் வைத்த பருப்பைச் சில நொடி விட்டுவிட்டு ஓட்டி அரைத்து, தாமதிக்காமல் ஊறவைக்கலாம்.

எண்ணெயில் பொரித்த முந்திரியும் மசாலா கடலையும் தனி வகை. அவற்றிலிருந்து எடுக்கும் எண்ணெயில் பொரித்த சட்டியின் எண்ணெயும் கலந்திருக்கும். அரைக்காமல், முழுப் பருப்பை ஹெக்சேனில் சில நிமிடம் அலசி எடுத்தால் மேலே ஒட்டிய எண்ணெயைத் தனியே பார்க்கலாம். பிறகு அரைத்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் குற்றம் பருப்பிலா, சட்டி எண்ணெயிலா என்று சொல்ல முடியும். மிளகாய்த்தூளின் சிவப்பும் எண்ணெயில் இறங்கி, அந்த நீலம் மறையும் கணத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும் என்பது கூடுதல் தொல்லை.

வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. நாக்கும் மூக்கும் உணரும் ஹெக்சனால் போன்றவை எளிதில் ஆவியாகிறவை. வெற்றிடத்தில் கரைப்பானை ஓட்டும்போது அவையும் கூடவே போய்விடும். அதனால்தான் முகர்ந்தால் சிக்கு வாடை வீசும் பருப்பிலிருந்து, கிட்டத்தட்ட வாடையில்லாத எண்ணெய் கிடைப்பதும் உண்டு. அதோடு, பழைய சரக்கில் பெராக்சைடு உச்சம் தொட்டு இறங்கியிருக்கும். உண்டாவதைவிட வேகமாக உடைந்திருக்கும். குறைந்த பெராக்சைடு மதிப்பு மட்டும் நல்ல சரக்குக்குச் சாட்சி ஆகாது. கூடவே, உடைந்து உண்டான ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் மதிப்பும் பார்க்க வேண்டும். எண்ணெயே எடுக்காமல், அரைத்த பருப்பை மூடிய குப்பியில் வைத்து, மேலே நிற்கும் காற்றை ஊசியால் உறிஞ்சி வாயு நிறப்பகுப்பியில் (கேஸ் குரோமட்டோகிராஃப்) ஹெக்சனாலை அளக்கிற முறை நாக்கின் தீர்ப்புக்கு இன்னும் நெருக்கமானது. கருவி விலை அதிகம் என்பதால் சிறிய ஆய்வகங்களில் அது அரிது.

எந்த முறையானாலும் தீராத குறை ஒன்று: சராசரி. ஐம்பது கடலையில் ஒன்று மட்டும் காறி, அதன் பெராக்சைடு மதிப்பு 60 என்றும், மற்ற நாற்பத்தொன்பதும் 0.8 என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் அறிக்கையில் வருவது ஏறக்குறைய 2. தாளில் சரக்கு தேறிவிட்டது. ஒரு கைப்பிடியை மெல்லுகிறவர் துப்புகிறார். சோதனைக்கு முன் உடைந்ததையும், சுருங்கியதையும், நிறம் மாறியதையும் தனியே பொறுக்கி, முழுப் பருப்பை வேறாகவும் இவற்றை வேறாகவும் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தகவல் பெரிது.

எண்ணெய் எடுத்த முறை எவ்வளவு சேர்த்தது என்பதைக் கண்டுபிடிக்கவும் செலவில்லாத வழி இருக்கிறது. பெராக்சைடு மதிப்பு தெரிந்த ஒரு புது எண்ணெயை எடுத்துக்கொண்டு, எண்ணெய் முழுதும் எடுத்து உலர்ந்த புண்ணாக்குத் தூளில் கலந்து, பருப்பு போகும் அதே பாதையில் அனுப்ப வேண்டும்: அதே கரைப்பான், அதே நேரம், அதே சூடு. கடைசியில் வரும் எண்ணெயை மறுபடி சோதிக்க வேண்டும். உள்ளே போகும்போது 0.6, வெளியே வரும்போது 0.7 என்றால் அந்த முறையை நம்பலாம். 1.4 என்று வந்தால், அன்றைக்கு அந்த மேசையில் பார்த்த எந்தக் கடலையின் அறிக்கையிலும் கையெழுத்துப் போடக் கூடாது.